கொக்காகிப்போன அன்னம்

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. ஆங், போதும். அந்த ஜன்னலை இறக்கி வுட்டுடு கண்ணு, காத்து நேரா இந்தத் தோள்ல வந்து அடிக்குது. எனக்கு ஒண்ணுமில்ல, காத்துதான் ஆவறதில்ல. எங்க இறங்கப்போற, ஆரணியா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு. பேச்சுத் துணைக்கு ஆச்சு.

உன்னைப் பார்த்தா படிச்ச பொண்ணாட்டம் இருக்குது. ஒண்ணு கேக்கறேன், பார்த்துச் சொல்லு. இந்தப் பையில ஒரு பொடவை இருக்குது, எடு. மெதுவா, மெதுவா, பட்டும்மா அது. கொஞ்சம் விரி. வாடாமல்லி கலர்ல வெள்ளையா வரிசைகட்டி நிக்குதே, அது இன்னா?

கொக்கா! நீயும் கொக்குன்னுதான் சொல்ற.

அன்னம்மா அது. அன்னம்! கல்யாணப் பொண்ணு கட்டறதுக்குன்னு நெய்த பொடவை. பொண்ணோட அம்மாக்காரி கடையில விரிச்சுப் பார்த்துட்டு, எம்பொண்ணு மணவறையில கொக்கு கட்டிகினு உக்காரணுமான்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாளாம். நான் தறியில உக்கார ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அன்னம் நெய்யறவ. எங்கிட்ட வந்து கொக்குன்னா எப்படி இருக்கும் எனக்கு? மடிச்சு வையி. கண்ணால பார்க்க முடியல.

எல்லாம் அந்த பாக்கியத்தால வந்த வினை.

பாக்கியம் என் ஓரகத்திம்மா. எங்க வூட்டுக்காரர் அண்ணன், அவ வூட்டுக்காரர் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போய்ச் சேர்ந்துட்டாங்க. எனக்குப் புள்ளை குட்டி இல்ல. அவளுக்கு ஒரே பொண்ணு, வனஜா, வாலாஜாவுல கட்டிக்கொடுத்திருக்குது. அப்பால அந்த வூட்ல நானும் பாக்கியமும்தான். காலையில எழுந்தா அடிச்சுக்குவோம், சாயந்திரம் ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம். அவ பேச மாட்டா. நான்தான் பேசுவேன். பேசறதுக்கு பதில் சொல்லலைன்னா ஆத்திரம் வருமா வராதா, நீயே சொல்லு? எனக்கு வரும்.

எங்க பொடவை மத்த பொடவை மாதிரி இல்லம்மா. மத்தவங்க தறியில வெச்சு டிசைன் போடுவாங்க. எங்களுதுல தறிக்கு வர்றதுக்கு முன்னாடியே நூல்ல டிசைன் ஏறிடணும். வெள்ளைப் பட்டு நூலை ஒரு சட்டத்துல வரிசையா இழுத்து, எங்கல்லாம் சாயம் ஏறக்கூடாதோ அங்கல்லாம் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழிச்சு இறுக்கிச் சுத்தணும். அதைத்தான் கட்டுன்னு சொல்றது. சாயத்துல முக்கி எடுத்தா, கட்டு போட்ட எடம் வெள்ளையாவே நிக்கும். கட்டை அவுத்துட்டு அந்த நூலை நாடாவுல வெச்சு தறியில குறுக்கால நான் ஓட்டுவேன். ஒவ்வொரு இழைக்கும் பலகையை இழுத்து ஒரு அடி, இழை நெருங்கி உக்காரணும். அடிக்க அடிக்க அன்னத்துக்கு மொதல்ல காலு வரும், அப்பால வயிறு, அப்பால கழுத்து, மூக்கு. கட்டறது பாக்கியம், நெய்யறது நானு. ஒரு அன்னத்துக்கு இத்தினி இழைன்னு கணக்கு இருக்குது. நாங்க கல்யாணமாகி வந்த புதுசுல, சொசைட்டியில தெலுங்கு மாஸ்டர் ஒருத்தரை அழைச்சாந்து இந்தக் கட்டு வேலையைக் கத்துக்கொடுத்தாங்க. அவர் வெச்ச கணக்கு அது. யாரும் அதுல கையே வெச்சதில்ல.

என் அடியைப் பத்தி ஊர்ல யாரை வேணாலும் கேளு. நான் தறிக்குழியில காலை வுட்டு உக்காந்தேன்னா, பலகைச் சத்தம் கோயில் வரைக்கும் கேக்கும். நவநீதம் உக்காந்துட்டா, மணி ஆச்சுன்னு பால்காரனே சொல்லுவான். இப்ப இன்னா உன் தறி சத்தமே கேக்கறதில்லன்னு தெருவுல கேக்கறாங்க. எப்படிக் கேக்கும்? எதிர்வூட்டுக்காரன் பவர்லூம் வாங்கிப் போட்டுட்டான். அந்த இரைச்சல்ல இடி வுழுந்தாலும் கேக்காது.

போன மழைக்காலத்துல குழாயடியில வழுக்கி வுழுந்தேம்மா. வுழாதவங்க யாரு? தோள்ல கொஞ்சம் வீக்கம். பெரியாஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு, தொட்டுப் பார்த்துட்டு, இந்தக் கையில இனிமே தறி நெய்யக்கூடாது பாட்டின்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். நெய்யலைன்னா சோத்துக்கு உங்க வூட்டுக்கு வரட்டான்னு கேட்டேன். பாக்கியம் சிரிக்கல. அந்தப் பொண்ணு சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுகினு நின்னா. அப்பவே எனக்கு அவ மேல கோவம்.

வூட்டுக்கு வந்தபிறகு அவ நடந்துகிட்டதைப் பார்க்கணுமே நீ! ஒரே பணிவு. நான் கொடத்துக்கிட்ட போறதுக்குள்ள அவ தூக்கிடுவா. அரிசி மூட்டையை நவுத்துவா. காலையில நான் சீப்பை எடுத்தா புடுங்கிகினு, உக்காரு அக்கான்னு என் தலையை வாரிக் கொண்டை போட்டுவுடுவா. உன்னை யாருடி கேட்டாங்கன்னா பதில் வராது. இப்ப என் தலை எப்படி இருக்குதுன்னு பார்க்காத, சீப்பை எங்க வெச்சேன்னு தெரியல. நான் இன்னா நெனச்சேன்? வயசாச்சு, புத்தி வந்திருக்குதுன்னு நெனச்சேன். திருட்டுத்தனம் பண்றவங்கதான் அப்படிக் கொழைவாங்கன்னு அப்பால இல்ல புரிஞ்சுது.

கேளு. எங்களுக்கு நூல் கொடுக்கிறது ஆரணியில பூபாலன்னு ஒரு கடைக்காரர். நூலை எடை போட்டுக் கொடுப்பாரு, பொடவையை எடை போட்டு வாங்குவாரு. கொடுத்த நூலும் வந்த பொடவையும் சரியா நிக்கணும், அதான் வழக்கம். இத்தினி வருசத்துல எங்க வூட்டுப் பொடவை ஒரு தடவைகூட தராசுல என்னைத் தலைகுனிய வெச்சதில்ல. அந்தத் தடவை வெச்சுது. பூபாலன் மறுபடியும் போட்டாரு. மறுபடியும் முள்ளு அங்கயே நிக்குது. துணி இன்னாம்மா இவ்ளோ மெத்துனு இருக்குதுன்னு தடவிப் பார்த்தாரு. நான் சந்தோசப்பட்டேன். அப்பால மெதுவாக் கேட்டாரு, நூல் எங்க போச்சு நவநீதம்மான்னு. கடையில நாலு பேரு நின்னுகினு இருந்தாங்க. 

வூட்டுக்கு வந்தேன். அவ கட்டு போட்டுகினு இருந்த நூலை சட்டத்தோட வெளிச்சத்துக்கு இழுத்தாந்து, ஒரு அன்னத்துக்கு எத்தினி இழைன்னு எண்ணினேன். கொறையுதும்மா! மாஸ்டர் வெச்ச கணக்குக்குக் கொறையுது. அடுத்த அன்னத்தை எண்ணினேன், அதுலயும் கொறையுது. ஒண்ணு ரெண்டு இல்ல, நல்லாவே கொறையுது. தெருவுல நின்னு கத்தினேன். ஆமா, கத்தினேன். எங்கூட இருந்து என் சோத்தைத் துன்னுகினு என் நூலையே அறுக்கிறியாடி, உன் பொண்ணுக்கு ஜாக்கெட் துணிக்கு ஆச்சான்னு கேட்டேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன். தெருவே வேடிக்கை பார்த்துது.

அவ இன்னா சொன்னா தெரியுமா? ஆமா அக்கா, கொறைச்சுதான் கட்டினேன்னா. அவ்ளோதான். ஏண்டி கொறைச்சன்னு கேட்டா வாயைத் தொறக்கல. ஒரு பொய்யாவது சொல்லக்கூடாது? நூல் அறுந்துடுச்சு, கண்ணு தெரியல, எண்ணிக்கை தப்பிடுச்சு, எதையாவது சொன்னா நானும் ரெண்டு திட்டு திட்டிட்டு வுட்டிருப்பேன். மறுநாள் காலையில என் தலையை வாரிவுட்டுட்டு, பையைத் தூக்கிகினு வாலாஜா பஸ் ஏறிட்டா.

போனா போறா சனியன்னு இருந்தேன். ஒரு மத்தியானம் இந்தத் தோளுக்கு அண்டை குடுக்கலாம்னு அவ தலைகாணியை எடுத்து வெச்சுப் படுத்தேன். உருண்டை உருண்டையா அழுத்துது. தையலைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள அத்தினியும் பட்டு நூல். ஒவ்வொரு பொடவையிலயும் மிச்சமானதைத் தனித்தனியா முடிச்சுப் போட்டு வெச்சிருக்கிறா. ஒரு முழம்கூட விக்கல, யாருக்கும் குடுக்கல. திருடினதை இன்னா பண்றதுன்னுகூடத் தெரியல பாரு அவளுக்கு! அப்படியே தூக்கினுபோய் பூபாலன்கிட்ட கொட்டினேன். எடை சரியாப் போச்சு. மானம் வந்துது. ஆனா அவ எதுக்கு எடுத்து எதுக்கு வெச்சான்னு மட்டும் எனக்கு வெளங்கல.

அப்பால கட்டு போட ஆள் வேணுமே? எங்க ஊரு துரைக்கண்ணுவைக் கேட்டேன். நல்ல வேலைக்காரரு, சுத்தமான கையி. மாஸ்டர் கணக்குல ஒரு இழை கொறையக்கூடாது, சொல்லிட்டேன்னு தலையில அடிச்ச மாதிரி சொன்னேன். அவரும் அப்படியே கட்டினாரு. நான் எண்ணிப் பார்த்தேன், அச்சுக்குச் சரியா இருந்துது. நெய்ய ஆரம்பிச்சேன். காலு நீண்டுது. சரி, வயிறு வந்தா சரியாயிடும்னு பார்த்தேன். வயிறும் ஒட்டிகினு மேல போவுது. கழுத்து போவுது, போவுது, போய்கினே இருக்குது, மூக்கு வரவே மாட்டேங்குது. ஊர்ல இருக்கிற ஏரியெல்லாம் தேடிப் போற மாதிரி நீட்டிகினு நிக்குது. முழுப் பொடவையும் அப்படியே. நீ பார்த்தியே.

துரைக்கண்ணுவைக் கூப்ட்டுக் கேட்டா, கட்டு சரியாத்தான் இருக்குது அக்கா, இழை அடங்கலன்னாரு. அடங்கலன்னா? மழை ஈரத்துல நூல் உப்பிகினு இருக்குது, அதான். இல்ல, பூபாலன் இந்தத் தடவை குடுத்த நூலே மட்டம். இல்லன்னா பலகையில ஏதோ கோளாறு. ஆசாரியை வரவழைச்சுப் பார்த்தேன், பலகை நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவனுக்கு இன்னா தெரியும்?

பூபாலன் பொடவையைத் திருப்பி என் கையிலயே குடுத்துட்டாரு. அடுத்தது ஒழுங்கா வரலைன்னா எங்கிட்ட நூல் கேக்காதீங்கம்மான்னு சொல்லிட்டாரு. நல்ல மனுசன்தான், கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேன். நூல் நின்னா தறி நிக்கும்மா. தறி நின்னா அந்த வூட்ல ஒரு குழியும் நானும்தான் மிச்சம். அதான் வெக்கத்தை வுட்டுட்டு இன்னைக்கு வாலாஜா போனேன். மன்னிப்பு கேக்க இல்ல, அதை மனசுல வெச்சுக்கோ. வந்து கட்டு போடுடின்னு சொல்லப் போனேன்.

இது எந்த எடம், திமிரியா? இன்னும் நேரம் இருக்குது.

பாக்கியம் இளைச்சுட்டா. வனஜா காப்பி போட்டுக் குடுத்துது. நான் ஒண்ணும் பேசாம பொடவையை எடுத்து அவ மடியில போட்டேன். விரிச்சா. நான் நெனச்சேன், சிரிப்பா, நல்லா வேணும்னு சொல்லுவான்னு. அவ சிரிக்கல. துணி மேல நகத்தை வெச்சு லேசா அழுத்தினா. இழை வெலகி நகம் அந்தாண்டை போச்சு. பொடவையை மடிச்சுக் கீழ வெச்சுட்டு, அக்கா, கையைத் தூக்குன்னா.

தூக்கினேன். ஏன் தூக்காம? தோ, இப்படித் தூக்கினேன். பாரு, நீயே பாரு. நல்லாத்தான தூக்கறேன்? இன்னா அப்படிப் பார்க்கிற? பஸ்ஸு குலுக்குதும்மா, அதனால கொஞ்சம் கீழ நிக்குது. அங்க இன்னும் நல்லாத் தூக்கினேன்.

அவ அழுதுட்டா. இத்தினி வருசத்துல அவ புருசன் செத்தப்போதான் அவ அழுது பார்த்திருக்கிறேன். உன் அடிக்குத் தகுந்தாப்ல கட்டினேன் அக்கா, அன்னம் அன்னமா நிக்கணுமேன்னுதான் இழையைக் கொறைச்சேன், ஒரு பொடவைக்குக் கொறைச்சா அடுத்த பொடவைக்கு இன்னும் கொறைக்க வேண்டியிருக்குது, எத்தினிதான் கொறைக்கிறதுன்னு கேட்டா. அப்பால நூலுக்குப் பதிலா வெறும் காத்தைத்தான் கட்டணும்னு சொன்னா. பேசாதவ பேசினா இப்படித்தான், சம்பந்தமில்லாம பேசுவா.

என் அடிக்கு இன்னாடி கொறைச்சல்னு கேட்டேன். வனஜா உள்ள எழுந்து போயிடுச்சு.

சரி, நடந்தது நடந்துபோச்சு, பையை எடு, கெளம்புன்னேன். வரமாட்டேன்னா. திட்டினதுக்குக் கோவமான்னேன். இல்லன்னு சொன்னா. நீ திட்டினது நல்லதாப் போச்சுன்னு நெனச்சுதான் வந்துட்டேன் அக்கா, நான் வந்தா நீ தறியை வுட்டு எழுந்திருக்க மாட்ட, நான் இல்லைன்னாதான் எழுந்திருப்பன்னா. கேட்டியா கதையை? பொறாமைம்மா. அவளுக்குத் தறியில உக்கார வராது, அதனால நானும் உக்காரக்கூடாது. வேற இன்னா அர்த்தம் அதுக்கு?

வேற இன்னா அர்த்தம், சொல்லேன்.

நீயும் பேச மாட்டேங்கிற.

இங்கயே இருந்துடு அக்கா, பின்னால ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குதுன்னு சொன்னா. வனஜாவும் வந்து சொல்லுச்சு, இரு பெரிம்மான்னு. என் வூடு, என் தறி அங்க கெடக்குது, நான் இங்க உக்காந்து டீவி பார்க்கட்டுமான்னு எழுந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தா. நான்தான் திட்டிகினே வந்தேன். ஜன்னலாண்டை வந்து நின்னா, சீப்பு வெச்சிருந்தா கையில. ஜன்னல் வழியா கையை வுட்டு, எட்டின வரைக்கும் முன்னால முடியை வாரி ஒதுக்கி வுட்டா. பஸ்ஸுல எல்லாரும் பார்க்கறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

அப்ப கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியல. அடியே, நீ வரவேணாம், இப்ப இந்தக் கைக்கு ஒரு அன்னத்துக்கு எத்தினி இழை வெக்கணும்னு அதை மட்டும் சொல்லு, நான் துரைக்கண்ணுகிட்ட சொல்லிக்கறேன்னு கேட்டுட்டேன். என் வாயாலயே கேட்டேன். அவளுக்குத் தெரியும்மா. கையைத் தூக்கச் சொன்னாளே, அப்பவே மனசுல கணக்குப் போட்டிருப்பா. அவ கண்ணைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?

சொல்ல மாட்டேன் அக்கான்னா.

பஸ்ஸு கெளம்பிடுச்சு.

சொல்லியிருந்தா அவளுக்கு இன்னா போவுது? ஒரு எண்ணு. ஒரே ஒரு எண்ணு. அதைக் குடுக்க மனசு வரல பாரு அவளுக்கு. பாவி. நாளைக்குக் காலையில எழுந்து குழியில காலை வுட்டு உக்காருவேன். உக்காந்து? அவ கட்டாத நூலை நான் இன்னா நெய்யறது? சரி, நெய்யறதை வுடு. காலையில எழுந்து யாரைத் திட்டுவேன்? வூட்ல திட்டறதுக்கு ஒரு ஆள் வேணாமா? சுவத்தையா திட்டறது?

அழல கண்ணு, அதெல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம்.

என் ஸ்டாப்பு வந்துடுச்சு போல. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் நிறுத்தப்பா, வயசானவ இறங்கணும். ஏம்ப்பா, இந்த பஸ்ஸு ஆரணி போயிட்டு மறுபடியும் வாலாஜாவுக்குத்தான் திரும்புமா? இந்த வழியாத்தான் வருமா? எத்தினி மணிக்கு வரும்?

இல்லப்பா, சும்மாதான் கேட்டேன்.